வீட்டில் நிற்கும் அம்மாவின் வருத்தமும் பயணக் காப்புறுதியும்: எதை எடுத்தோம், ஏன்?

பிரித்தானியாவில் பயணக் காப்புறுதி எடுத்த எல்லாருக்கும் அந்தக் கேள்விகள் மனப்பாடமாக இருக்கும். பிரசர் இருக்கிறதா, கொலஸ்ட்ரோல் குளிசை எடுக்கிறீர்களா, அண்மையில் வைத்தியசாலையில் தங்கினீர்களா. எல்லாம் விமானம் ஏறப் போகிறவரைப் பற்றியவை. வீட்டில் நிற்கப் போகும் அம்மாவைப் பற்றி அநேகமாக ஒரு கேள்வியும் வராது. எங்கள் வயதுக்காரர் ஒரு பயணத்தைக் கடைசி நேரத்தில் நிறுத்தினால், விசாரித்துப் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ மாமியோ ஆஸ்பத்திரியில் கிடப்பதாகத்தான் இருக்கும்.

இந்தக் கோடையில் ரொறன்ரோவில் ஒரு கலியாணம். பெரியம்மாவின் மகளுடைய மூத்த பிள்ளை, எனக்குப் பெறாமகள். போகாமல் இருக்க முடியாது. நானும் இவரும் பிள்ளைகள் இரண்டு பேரும் போகிறோம். அம்மா லண்டன் ஹரோவில் எங்களோடு இருக்கிறார். நாங்கள் போகும் நாட்களில் அண்ணா வந்து நிற்பார். அம்மாவுக்கு இதயம் பலவீனம், சிறுநீரகமும் முந்திய மாதிரி இல்லை. இவருடைய அம்மா யாழ்ப்பாணத்தில், பல வருடமாகச் சீனி வருத்தம். இரண்டு பேரில் யாருக்காவது ஏதாவது என்றால் பயணம் நின்றுவிடும். அப்போது நாலு பேரின் டிக்கெட் காசுக்கு யார் பதில் சொல்வது என்பதுதான் எங்கள் முன்னால் இருந்த கேள்வி.

பார்த்தவை இவை: ஒப்பீட்டு இணையத்தளத்தில் மேலே வந்து நிற்கும் மலிவான வருடாந்தக் குடும்பப் பொலிசி, இவருடைய வங்கிக் கணக்கின் மாதக் கட்டணத்தோடு சேர்ந்து வரும் பொலிசி, வருத்தக்காரருக்கென்றே விற்கிற கொம்பனிகள் இரண்டின் ஒற்றைப் பயணப் பொலிசிகள், கடைசியாக, காப்புறுதியை மருத்துவச் செலவுக்கு மட்டும் நம்பிக்கொண்டு, காசு திருப்பித் தரும் டிக்கெட்டை எடுப்பது. நாங்கள் எடுத்தது ஒற்றைப் பயணப் பொலிசிகளில் ஒன்றை. நான் அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதப் போகிறேன்.

மருத்துவச் செலவு, தொலைந்த பெட்டி, தாமதமான விமானம் இவற்றில் ஐந்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கனடாவில் ஐரோப்பிய சுகாதார அட்டை எதற்கும் உதவாது, ஆகவே மருத்துவக் காப்பு இல்லாமல் அங்கே போவது மடத்தனம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. விலையிலும் வித்தியாசம் இருந்தது, ஆனால் டிக்கெட் விலையோடு வைத்துப் பார்த்தால் சிறிது. (கட்டுப்பணத்தில் அரசாங்கத்தின் வரி மட்டுமே 20 வீதம், வீட்டுக் காப்புறுதிக்கு 12 வீதம்தான். பயணம் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள் போல.)

எங்களுக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே ஒரு நிபந்தனை. பயணம் செய்யாத நெருங்கிய உறவினருக்கு ஏற்கெனவே இருக்கும் வருத்தம் பற்றியது அது.

ஏறக்குறைய எல்லாப் பொலிசிகளும் முன்பக்கத்தில் ஒரே மாதிரித்தான் சொல்கின்றன: நீங்களோ, கூட வருபவரோ, நெருங்கிய உறவினரோ, அங்கே நீங்கள் தங்கப் போகும் வீட்டுக்காரரோ இறந்தாலோ கடுமையாகச் சுகயீனமுற்றாலோ பயணத்தை இரத்துச் செய்த செலவைத் தருவோம். வாசித்தால் மனம் குளிரும். பத்துப் பதினைந்து பக்கம் தள்ளி, விலக்குகள் என்ற பகுதியில் அந்த உறவினர் மறுபடி வருவார். அங்கே அவருக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் பொலிசிக்குப் பொலிசி வித்தியாசம்.

இதில் சட்டத்தைப் பற்றிய ஒரு தவறான நிம்மதியும் ஊருக்குள் உலாவுகிறது. 2012 இல் வந்து 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் காப்புறுதிச் சட்டத்தின்படி, கொம்பனி கேட்கும் கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். கேட்காததை நாமாகத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. அது சரி. அம்மாவைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை, ஒளித்தோம் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் விலக்கு நிபந்தனைக்கு உங்கள் பதிலே தேவையில்லை. பணம் கேட்டு விண்ணப்பிக்கிற அன்று அம்மாவின் டொக்டருக்கு ஒரு படிவம் போகும். கேள்விகள் அதில் இருக்கும்.

விலக்கு நிபந்தனை மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தோம்.

முதலாவது, மொத்தமாக வெட்டுவது. பயணம் செய்யாத உறவினருக்குப் பொலிசி எடுக்குமுன்பே இருந்த எந்த வருத்தத்தால் வரும் இரத்துக்கும் பணம் இல்லை. எங்கள் கண்ணில் பட்ட மலிவான வருடாந்தப் பொலிசியில் இதுதான் இருந்தது. எழுபது தாண்டிய தாய் தகப்பன் உள்ள வீட்டுக்கு இது வெறும் கடதாசி. அம்மா படியில் விழுந்து கால் முறித்தால் பணம் வரும், இதயத்தால் வைத்தியசாலைக்குப் போனால் வராது. அதை ஒதுக்கிவிட்டோம். தாய் தகப்பன் இருவரும் எந்தக் குளிசையும் இல்லாமல் நடமாடுகிற அதிர்ஷ்டக்காரருக்கு அது போதும், காசும் மிச்சம்.

இரண்டாவது, டொக்டரின் வாயை நம்புவது. ஒற்றைப் பயணப் பொலிசிகளில் ஒன்று இப்படி இருந்தது. பொலிசி எடுத்த நாளில், இந்த நோயாளியின் நிலைமை பயணத்தை நிறுத்த வேண்டிய அளவுக்கு மோசமாகும் என்று எதிர்பார்க்கக் காரணம் இருக்கவில்லை என்று உறவினரின் டொக்டர் எழுதித் தந்தால் பணம் தருவோம். முதல் வாசிப்பில் எனக்கு இது நன்றாகப் பிடித்தது. பெரிய மனதோடு எழுதிய மாதிரித் தெரிந்தது. எந்த வருத்தம், எத்தனை குளிசை, எப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று ஒரு கணக்கும் இல்லை.

பிறகு அந்தக் கடிதத்தை எங்கள் சர்ஜரியில் (குடும்ப டொக்டர்மாரின் நிலையத்தில்) யார் எழுதப் போகிறார் என்று யோசித்தேன். அம்மாவை ஒவ்வொரு தடவையும் பார்ப்பது வேறு வேறு டொக்டர். இதயம் பலவீனமான எண்பது வயது நெருங்கும் ஒருவரைப் பற்றி, 'இவருக்கு இப்படி ஆகும் என்று எதிர்பார்க்க இடமில்லை' என்று எந்த டொக்டர் மனச்சாட்சியோடு எழுதுவார்? இதயம் பலவீனம் என்றாலே ஒரு நாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். நல்ல டொக்டர் என்றால் 'சாத்தியம் இருந்தது' என்றுதான் எழுதுவார். அதுவும் காப்புறுதிக் கடிதம் என்.எச்.எஸ் என்ற அரச வைத்தியசேவையின் வேலைக்குள் வராது. சர்ஜரி அதற்குத் தனியாகக் காசு கேட்கலாம், அதை நாங்கள்தான் கட்ட வேண்டும். அம்மாவின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். அம்மா அந்த நேரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் அந்தக் கையெழுத்தை எங்கே போய் வாங்குவது?

எல்லாவற்றையும் விட என்னை உறுத்தியது வேறு. இன்றைக்குப் பொலிசி வாங்குகிற எனக்கு, அம்மாவுக்கு இதில் காப்பு இருக்கிறதா இல்லையா என்பது இன்றைக்குத் தெரியாது. காசு கட்டுவது இன்று, பதில் வருவது பயணம் நின்றுபோன பிறகு.

மூன்றாவது விதம்தான் நாங்கள் எடுத்தது. அதில் ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. பொலிசி எடுத்த நாளிலோ டிக்கெட் எடுத்த நாளிலோ, இரண்டில் பிந்தியதில், உறவினர் பின்வரும் நிலைகளில் இருந்தால் அந்த வருத்தத்துக்குக் காப்பு இல்லை: அது இனிக் குணமாகாது, காலம் குறைவு என்று டொக்டர் சொல்லியிருந்தால், அதற்காக வைத்தியசாலையில் தங்கியிருந்தால், அதற்கான சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ காத்திருப்புப் பட்டியலில் இருந்தால், அதற்காகக் கடந்த 12 மாதத்துக்குள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தால். இவற்றுள் எதுவும் இல்லை என்றால், எத்தனை வருடப் பழைய வருத்தம் என்றாலும் காப்பு உண்டு.

கண்டிப்பாகத் தோன்றும். டொக்டரின் கருத்தைக் கேட்கும் பொலிசியோடு பார்த்தால் இது இரக்கம் இல்லாதது போலவும் இருக்கும். ஆனால் இந்த நாலு கேள்விக்கும் ஆம், இல்லை என்று இன்றைக்கே பதில் சொல்லலாம். யாருடைய ஊகமும் வேண்டாம். அம்மாவை இதயத்துக்காகக் கடைசியாக அனுமதித்தது ஒரு வருடத்துக்கு மேல். இறுதிக் காலம் என்று யாரும் சொல்லவில்லை. இதயத்துக்கான அடுத்த பரிசோதனை எதுவும் நிலுவையில் இல்லை; ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தாதி பார்ப்பது வழக்கமான கண்காணிப்பு. அதுவும் 'காத்திருப்பு' என்று ஆகுமா என்று மின்னஞ்சலில் கேட்டோம், ஆகாது என்று எழுத்தில் பதில் வந்தது. தொலைபேசியில் கேட்டபோது அந்தப் பிள்ளை 'அதெல்லாம் பிரச்சினை இல்லை' என்று சந்தோஷமாகச் சொன்னது. அந்தச் சந்தோஷத்தை நம்பாமல் எழுத்தில் வாங்கியதை நான் இதைப் படிக்கும் எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன்.

பட்டியல் விதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. அதை மட்டும் ஊன்றிப் பாருங்கள். காத்திருப்புப் பட்டியல் என்று எழுதியிருக்கும் இடத்தில், 'அந்த வருத்தத்துக்காக' என்று இருக்கிறதா, அல்லது 'எந்தச் சிகிச்சைக்காகவும்' என்று இருக்கிறதா? இந்த நாட்டில் எழுபது தாண்டிய ஒருவர் ஏதாவதொரு பட்டியலில் இல்லாமல் இருப்பது அபூர்வம். கண்ணில் புரை, முழங்கால், காது. அம்மா கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பட்டியலில் இருக்கிறார். நாங்கள் எடுத்த பொலிசியில் 'அந்த வருத்தத்துக்காக' என்று இருப்பதால், கண்ணுக்காகக் காத்திருப்பது இதயத்தின் காப்பைக் கெடுக்காது. மற்றப்படி வாசகம் இருந்த ஒரு பொலிசியையும் பார்த்தோம். அதன்படி, கண்ணுக்காகக் காத்திருக்கும் அம்மாவுக்கு மாரடைப்பு வந்தால் ஒரு சதமும் கிடையாது. இரண்டும் ஒப்பீட்டுத் தளத்தில் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நட்சத்திரத்தோடு நின்றன.

இன்னொரு சிக்கல், ஒரு வருத்தம் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்பது. போன மாரியில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா வந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் அன்றிரவே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவசரப் பிரிவில் பார்த்து அனுப்புவது அனுமதி ஆகுமா? நாங்கள் கேட்டதற்கு, வார்டில் சேர்த்துக் கட்டில் கொடுத்தால்தான் அனுமதி என்றார்கள், அதையும் எழுத்தில் தந்தார்கள். மற்றக் கொம்பனிகளும் அப்படித்தான் எடுப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. இப்படியான ஒரு இரவு உங்கள் வீட்டிலும் நடந்திருந்தால் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

இதையெல்லாம் சரிபார்க்க என்.எச்.எஸ் செயலி நல்ல உதவி. வைத்தியசாலைக் கடிதங்கள், முன்பதிவுகள், குளிசைப் பட்டியல் எல்லாம் அதில் கிடக்கும். அம்மாவுக்குச் செயலி ஒத்துவராது. சர்ஜரியில் படிவம் நிரப்பிக் கொடுத்து, அம்மாவின் சம்மதத்தோடு என் செயலியிலேயே அவருடைய பதிவைப் பார்க்க அனுமதி வாங்கினேன். பொலிசி எடுத்த அன்று அந்தப் பக்கங்களைச் சேமித்து வைத்தேன். நாளைக்குத் தகராறு வந்தால், அன்றைய நிலை இதுதான் என்று காட்ட ஒரு கடதாசி இருக்கும். அம்மாவிடம் இதற்கு விளக்கம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் போய்ச் சேர்ந்தா உங்களுக்குக் காசு வருமோ?" என்று கேட்டார். டிக்கெட் காசு மட்டும்தான் அம்மா, அதிலும் எக்ஸஸ் (நாங்களே பொறுக்க வேண்டிய பங்கு) வெட்டுவார்கள் என்றேன். "அப்ப நான் அதுக்குச் சாக மாட்டன்" என்றார்.

வங்கிப் பொலிசிக்கு வருகிறேன். ஏனென்றால் அதுதான் எங்களுக்கு இரண்டாவது தெரிவு, சில வீடுகளுக்கு அதுவே முதலாவதாக இருக்கலாம். அதன் பெரிய பலம் திகதியில் இருக்கிறது. வருடாந்தப் பொலிசியை எடுத்துக்கொள்ளுங்கள். தையில் டிக்கெட் எடுக்கிறீர்கள், பயணம் ஆடியில், பொலிசி சித்திரையோடு முடிகிறது. பங்குனியில் அம்மா சுகயீனமுற்றால், சித்திரையில் எடுக்கும் புதிய பொலிசிக்கு அது ஏற்கெனவே தெரிந்த விஷயம். பழையது முடிந்துவிட்டது, புதியது கைவிரித்துவிடும். வருடாந்தப் பொலிசிக்காரர் பலர் கவனிக்காத இடைவெளி இது. வங்கிக் கணக்கோடு வருவது கணக்கு இருக்கும்வரை தொடரும். கணக்குத் திறந்த நாள், டிக்கெட் எடுத்த நாள், இவற்றில் பிந்தியதைத்தான் பார்ப்பார்கள். இடையில் புதுப்பிக்கும் நாள் என்று ஒன்று வந்து குறுக்கே நிற்காது. (ஒற்றைப் பயணப் பொலிசியிலும் இந்தப் பிரச்சினை இல்லை, டிக்கெட் எடுத்த அன்றே எடுத்தால். சிலர் பயணத்துக்கு முதல் நாள் எடுப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் இரத்துக்கான காப்பே அவர்களுக்கு இல்லை. வருடாந்தப் பொலிசியில் தொடங்கும் திகதியைப் பயண நாள் என்று போடுகிறவருக்கும் இதே கதைதான்.)

பிறகு ஏன் வங்கிப் பொலிசியை விட்டோம்? அதன் பட்டியலில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: உறவினரின் மருந்து அண்மைய மாதங்களில் மாற்றப்பட்டிருந்தால் காப்பு இல்லை. இதயம் பலவீனமானவரை வீட்டில் வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். காலையில் எழுந்ததும் நிறை பார்ப்பது, இரண்டு நாளில் நிறை கூடினால், கால் வீங்கினால், தாதி தொலைபேசியில் நீர் இறங்கும் குளிசையைக் கூட்டச் சொல்வார். வற்றியதும் குறைக்கச் சொல்வார். இது வருத்தம் கூடியதன் அடையாளம் இல்லை, வருத்தத்தைப் பராமரிக்கும் முறையே அதுதான். ஆனால் பொலிசியின் கண்ணில் அது மருந்து மாற்றம். அந்த ஒரு வரியால் அம்மா வெளியே. பிரசருக்கு ஒரே குளிசையைப் பல வருடம் எடுக்கிற அப்பா உள்ள வீட்டில் இந்த வரி ஒன்றும் செய்யாது. அங்கே வங்கிப் பொலிசிதான் வசதி.

காசு திருப்பித் தரும் டிக்கெட்டுக்கு ஒரு பெரிய அழகு உண்டு: யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. டொக்டர் கடிதம் இல்லை, சம்மதம் இல்லை, எக்ஸஸ் இல்லை. அம்மா வைத்தியசாலைக்குப் போகும் அளவுக்கு இல்லாமல், முகம் மட்டும் சரியில்லை, மனம் கேட்கவில்லை என்றாலும் நிறுத்தலாம். நாங்கள் பார்த்த எந்தக் காப்புறுதியும் இதைத் தராது. 'கடுமையான சுகயீனம்' என்று டொக்டர் சொன்னால்தான் அவர்களுக்குக் கணக்கு. ஒருவர் அல்லது இருவர் போகிற குறுகிய பயணம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். பாடசாலை விடுமுறையில் ரொறன்ரோவுக்கு நாலு டிக்கெட் என்றபோது, சாதாரண விலைக்கும் திருப்பித் தரும் விலைக்கும் இடையே இருந்த தொகை பொலிசியின் விலையைப் போலப் பல மடங்கு. விட்டுவிட்டோம். திகதி மட்டும் மாற்றக்கூடிய டிக்கெட் நடுவழி மாதிரித் தெரியும், ஆனால் கலியாணம் எங்களுக்காகத் திகதி மாறாது. தங்குமிடத்துக்கு இந்தப் பிரச்சினையே இல்லை: அக்கா வீடு. விடுதி எடுப்பவர் கடைசி நாள்வரை இலவசமாக இரத்துச் செய்யக்கூடியதை எடுத்தால், காப்புறுதியில் நிற்பது டிக்கெட் காசு மட்டும்தான்.

கடன் அட்டையில் கட்டினால் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவு காப்பாற்றும் என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அது விற்றவர் சொன்னதைத் தராதபோது உதவும் சட்டம். நாமாகப் பயணத்தை நிறுத்தினால் அதற்கு வேலை இல்லை.

விமான வரியைப் பற்றியும் தெரிந்து வைத்திருங்கள். இங்கிருந்து ரொறன்ரோவுக்கு எக்கொனமியில் ஒரு பெரியவருக்கு இந்த வரி 2025 ஏப்ரலில் 90 பவுண்ஸ் ஆனது, 2026 ஏப்ரலிலிருந்து 102. பறக்காவிட்டால் அந்த வரி அரசாங்கத்துக்குப் போகாது. பல விமான நிறுவனங்கள் கேட்டால் திருப்பித் தரும், சில அதற்கும் ஒரு கட்டணம் வெட்டும். காப்புறுதிக் கொம்பனி அந்தத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்கும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எக்கொனமியில் அந்த வரியே இல்லை, ஆகவே அவர்களுக்குத் திரும்பி வரவும் ஒன்றும் இல்லை. எக்ஸஸையும் ஆளுக்கா, பயணத்துக்கா என்று பாருங்கள். ஆளுக்கு 100 பவுண்ஸ் என்றால் நாலு பேருக்கு 400 போய்விடும்.

மாமியின் கதை வேறு. யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு இந்த நாட்டுப் பொலிசி எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? முதலில் 'நெருங்கிய உறவினர்' என்பதன் வரைவிலக்கணம். மாமன் மாமியார் எல்லாப் பொலிசியிலும் இருந்தார்கள். சித்தப்பா, பெரியம்மா, அத்தை சிலவற்றில்தான் இருந்தார்கள். தகப்பன் இல்லாமல் சித்தப்பாவின் தோளில் வளர்ந்த எத்தனையோ பேர் எங்களுக்குள் இருக்கிறோம். பொலிசிக்கு அது தெரியாது. அடுத்தது, சில வரைவிலக்கணங்களில் உறவினர் இந்த நாட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற ஒரு சொல் ஒளிந்திருக்கும். நாங்கள் எடுத்ததில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதுவும் அதை எடுக்க ஒரு காரணம்.

கடதாசி விஷயத்தில் ஊர் வேறு மாதிரி. இங்கே மாதிரிப் பெயர் பதிந்து வைத்திருக்கும் ஜீபி (குடும்ப டொக்டர்) என்று ஒருவர் அங்கே இல்லை. போதனா வைத்தியசாலைக் கிளினிக் கொப்பி மாமியின் கையில்தான் இருக்கும், எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். வார்டில் இருந்து விடும்போது ஒரு அட்டை தருவார்கள், என்ன வருத்தம், என்ன சிகிச்சை என்று. அந்த அட்டைகளை மாமி அரிசி வாளிக்குப் பின்னால் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறார். மச்சாளிடம் சொல்லி, கொப்பியின் பக்கங்களையும் அட்டைகளையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். மரணச் சான்றிதழ் என்றால் தமிழில் இருக்கும், உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்ப வேண்டி வரும்.

இனி, நடுப் பயணத்தில் செய்தி வந்தால்? இதில் ஐந்து வழியில் எதுவுமே எங்களுக்குத் திருப்தியாக இல்லை. பயணத்தைப் பாதியில் முறித்தால் காப்புறுதி தருவது வீட்டுக்கு, அதாவது லண்டனுக்கு, திரும்பி வரும் செலவும், முன்கூட்டிக் கட்டி அனுபவிக்காமல் விட்டவற்றின் காசும். மாமிக்கு ஏதாவது என்றால் இவர் ரொறன்ரோவிலிருந்து போக வேண்டியது கொழும்புக்கு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு. அந்த டிக்கெட் பொலிசியில் இல்லை. பிள்ளைகள் வரும்வரை உடலை வைத்திருப்பார்கள்தான், ஆனாலும் ஓரிரு நாளில் போய்ச் சேர வேண்டும். அப்படியான டிக்கெட்டின் விலை எல்லாருக்கும் தெரியும். அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறோம். லண்டனுக்குத் திரும்புவதானாலும், புதிய டிக்கெட் எடுக்குமுன் பொலிசியில் இருக்கும் அவசர இலக்கத்துக்கு அழைத்து அனுமதி கேட்க வேண்டும். துக்கச் செய்தி வந்த வேளையில் யாருக்கும் இது நினைவு வராது. அந்த இலக்கத்தை இவருடைய போனிலும் என் போனிலும் அண்ணாவின் போனிலும் போட்டிருக்கிறோம்.

நாங்கள் இந்தப் பொலிசியில் இன்னும் பணம் கேட்டுப் பார்க்கவில்லை, கேட்க வேண்டி வராமல் இருக்கட்டும். ஆகவே கடைசி நாளில் இவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை. வாசகத்தை வைத்துத்தான் சொல்கிறேன். தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு வேறொரு கொம்பனி, தகப்பனின் பழைய ஆஸ்த்மாவைக் காட்டி முதலில் மறுத்தது. முறைப்பாடு செய்தார்கள். கொம்பனிக்குப் பதில் சொல்ல எட்டு வாரம் உண்டு. இறுதிப் பதில் வந்த பிறகு ஆறு மாதத்துக்குள், இப்படியான முறைப்பாடுகளை விசாரித்துத் தீர்க்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அவர்கள் அங்கே போய்த்தான் வாங்கினார்கள். அந்த விலக்கு வாங்கும்போது தெளிவாகக் காட்டப்படவில்லை என்பதே வாதமாக இருந்தது. எல்லாருக்கும் அப்படி வாய்க்கும் என்று நம்பிப் பொலிசி எடுக்கக்கூடாது.

வாங்குமுன் முழு வாசகத்தையும் படிக்க நேரம் இல்லாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது. பொலிசி எடுத்து 14 நாளுக்குள், பயணம் போகாமலும் பணம் கேட்காமலும் இருந்தால், பொதுவாக வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். இரண்டு பக்கச் சுருக்கத் தாளை நம்பாதீர்கள், பெரும்பாலும் அதில் உறவினர் விஷயம் அரை வரிதான். முழுக் கையேட்டைத் திறந்து, 'நெருங்கிய உறவினர்', 'பயணம் செய்யாத' என்பவற்றின் ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடினால், படிக்க வேண்டியது மூன்று நாலு பந்திதான்.

நோய் முற்றி, காலம் குறைவு என்று டொக்டர் சொல்லிவிட்ட ஒருவர் வீட்டில் இருந்தால், நான் மேலே சொன்ன எந்தப் பொலிசியும் அவர் விஷயத்தில் பணம் தராது. டொக்டரின் வாயை நம்பும் பொலிசியும்தான். அந்த வீட்டுக்குத் திருப்பித் தரும் டிக்கெட் ஒன்றே வழி, அல்லது கணவன் மனைவியில் ஒருவர் நிற்க மற்றவர் பிள்ளைகளோடு போய்வருவது. காப்புறுதி அப்போதும் எடுக்கத்தான் வேண்டும், போகிறவர்களின் மருத்துவச் செலவுக்காக. அதற்கு மலிவான வருடாந்தப் பொலிசியே போதும்.